புள்ளி மறைகிறது, டென்சிட்டி கூட்டினால் சுழி அடைபடுகிறது: லேசர் பிரிண்டரை எப்படிச் சரிசெய்வது?

பாடக்குறிப்பு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் ஒரு கருப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் இருக்கிறது, வாங்கி மூன்று வருடம் ஆகிறது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், அவர்களுக்கான பயிற்சித் தாள்களை நானே டைப் செய்து அச்செடுப்பது வழக்கம். இதுவரை அச்சுத் தரத்தைப் பற்றி யோசித்ததே கிடையாது, பிரிண்ட் கொடுத்தால் தாள் வரும், எடுத்துக்கொண்டு போவேன். இரண்டு மாதமாகத்தான் இந்தத் தொல்லை.

முதலில் நான் கவனிக்கவில்லை, ஒரு பிள்ளைதான் காட்டிக்கொடுத்தது. தாளில் இருந்த "பல்" என்ற சொல்லை "பல" என்று வாசித்தாள். திருத்தலாம் என்று தாளை வாங்கிப் பார்த்தால் உண்மையிலேயே மேலே புள்ளி இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் தூசி மாதிரி இரண்டு மூன்று துகள் மட்டும் தெரிந்தது. அதே பக்கத்தில் தலைப்பில் இருக்கும் "கல்" ஒழுங்காக விழுந்திருக்கிறது. வாசிக்கப் பழகுகிற பிள்ளைக்குப் புள்ளி இல்லாவிட்டால் அது வேறு எழுத்து, நம்மைப்போல ஊகித்து வாசிக்க அவர்களால் முடியாது, அதனால் எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி என்று டென்சிட்டியை, அதாவது அச்சின் கருமையைக் கூட்டிக்குறைக்கும் செட்டிங்கை, கடைசிவரை ஏற்றினேன். புள்ளி ஓரளவுக்கு வந்தது, ஆனால் இப்போது ண, ன, ஞ எல்லாவற்றிலும் சுழி அடைபட்டுக் கருப்பாகத் திட்டுத்திட்டாக வருகிறது. இரண்டு சுழியா மூன்று சுழியா என்று எண்ணவே முடியவில்லை. அதைவிட மோசம், பிள்ளைகள் பென்சிலில் எழுதிவிட்டு ரப்பரால் அழித்தால் அச்செழுத்தும் சேர்ந்து அழிகிறது. விரலால் அழுத்தித் தேய்த்தாலே கையில் கருப்பு ஒட்டுகிறது. 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 துளி) வைத்தும் பார்த்தேன், நேரம் கூடியதுதான் மிச்சம், வித்தியாசம் தெரியவில்லை.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். ஒவ்வொரு முறை செட்டிங் மாற்றினாலும் அடுத்த நாள் பழையபடியே இருக்கிறது. அப்புறம் இடது ஓரத்தில் ஒரு சின்னக் கரும்புள்ளி ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்ப விழுகிறது. பிரிண்டரையே மாற்றவேண்டிய நிலைமையா, இல்லை செட்டிங்கிலேயே சரியாகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முந்நூறுபக்கம் எழுதியது:

டீச்சர், முதலில் டோனர் சேவ், அதாவது அச்சுப் பொடியை மிச்சம் பிடிக்கும் செட்டிங், டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். சில டிரைவரில் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) அதை எகானோமோட் என்று போட்டிருப்பார்கள். அது டிக் ஆகியிருந்தால் பொடியைக் குறைத்துத்தான் போடும், ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அது தாங்கும், நம் எழுத்தில் முதலில் காணாமல் போவது புள்ளிதான். எனக்கும் இதே அனுபவம், செலவைக் குறைக்கலாம் என்று ஒரு நீண்ட கட்டுரையை டோனர் சேவில் அச்செடுத்துப் பிழை பார்க்க உட்கார்ந்தேன், பாதி மெய்யெழுத்தில் புள்ளி இல்லாததால் எது என் பிழை எது பிரிண்டரின் பிழை என்றே தெரியாமல் முழுவதையும் மறுபடி எடுத்தேன்.

பொடி இருக்கும் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, கிடைமட்டமாகப் பிடித்து ஐந்தாறு முறை இடவலமாக மெதுவாக ஆட்டிப் போட்டும் பாருங்கள். பொடி ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் சமமாகும். அதற்கப்புறம் நன்றாக வந்தால் டோனர் தீரப்போகிறது என்று அர்த்தம்.

உருளை எழுதியது:

டோனர் சேவ் பற்றி மேலே சொன்னது சரி, ஆனால் அது மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். பிரிண்டர் பழுதுபார்க்கும் வேலையில் நிறைய வருடம் இருந்தவன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பதிவில் மூன்று தனித்தனிக் கோளாறு ஒன்றாகக் கலந்துகிடக்கிறது, அதனால்தான் ஒன்றைத் திருகினால் இன்னொன்று கெடுகிறது.

ரப்பரால் அழித்தால் அச்சும் அழிகிறது என்றீர்களே, எனக்கு அதுதான் முக்கியமான தடயம். டோனர் என்பது மை கிடையாது, நிறமி கலந்த நுண்ணிய பிளாஸ்டிக் பொடி. லேசர் கதிர் டிரம் என்கிற உருளையின் மேல் மின்னூட்டத்தால் எழுத்தை வரைகிறது, அந்த இடத்தில் பொடி போய் ஒட்டுகிறது, அங்கிருந்து தாளுக்கு மாறுகிறது. இதுவரைக்கும் அந்தப் பொடி தாளின் மேல் சும்மா உட்கார்ந்துதான் இருக்கிறது, ஊதினால் பறக்கும். கடைசியில் ஃப்யூசர் என்கிற சூடான உருளை 200 டிகிரிக்கு நெருக்கமான சூட்டில் அதை உருக்கி, அழுத்தி, தாளின் நாருக்குள் இறக்குகிறது. கையில் ஒட்டுகிறது என்றால் பொடி வந்துவிட்டது, உருகவில்லை. நீங்கள் டென்சிட்டியை ஏற்றியபோது என்ன நடந்தது? அதே சூட்டுக்கு இன்னும் அதிகப் பொடியைக் கொண்டுபோய்க் கொட்டினீர்கள். மேல் அடுக்கு உருகாமலே வெளியே வந்திருக்கும். அதனால் டென்சிட்டியை உடனே பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பல மாடல்களில் 1 முதல் 5 வரை இருக்கும், நடுவில் இருக்கும் 3தான் கம்பெனி வைத்துத் தருவது. எல்லாவற்றையும் சரிபார்த்து முடித்த பிறகு, தேவைப்பட்டால் ஒரே ஒரு படி ஏற்றலாம், அதற்கு மேல் வேண்டாம். டென்சிட்டிதான் எல்லாரும் முதலில் தொடுகிற செட்டிங், உண்மையில் அது கடைசியாகத் தொடவேண்டியது.

முதலில் தொடவேண்டியது பேப்பர் டைப். இந்தப் பெயரைப் பார்த்து இது ஏதோ கணக்குக்காகக் கேட்கிறார்கள் என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஃப்யூசர் எவ்வளவு சூடாகவேண்டும், தாள் எவ்வளவு மெதுவாகப் போகவேண்டும் என்பதைப் பிரிண்டர் இதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. ப்ளெயின் என்றால் ஏறக்குறைய 70, 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை) தாள் என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் அதைவிடத் தடித்த தாள் வைத்துவிட்டு ப்ளெயின் என்றே விட்டிருந்தால் சூட்டைத் தாளே குடித்துவிடும், பொடிக்குப் போதாது. ஹெவி அல்லது திக் என்று மாற்றினால் சூடு கூடும், வேகம் குறையும், பிரிண்டர் மெதுவாக ஓடுகிறதே என்று பயப்படாதீர்கள், அது அப்படித்தான் ஓடவேண்டும். சொரசொரப்பான தாள் என்றால் ரஃப் அல்லது பாண்ட் என்று தனியாக ஒன்று இருக்கும். பதிலுக்கு மெல்லிய தாளை வைத்துவிட்டு ஹெவி என்று கொடுத்தால் தாள் சுருளும், சில சமயம் ஃப்யூசரிலேயே ஒட்டிக்கொள்ளும், அதனால் சும்மா ஹெவியிலேயே நிரந்தரமாக வைக்கவும் கூடாது.

தாளின் ஈரப்பதத்தையும் பாருங்கள். கட்டைப் பிரித்து நாள்கணக்கில் வெளியே வைத்த தாள் காற்றில் இருக்கும் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். ஈரத் தாளில் மின்னூட்டம் நிற்காமல் கசிந்துவிடும், டிரம்மிலிருந்து பொடி முழுதாக மாறாது, அங்கங்கே வெளிறிப்போகும். புதுக்கட்டு ஒன்றைப் பிரித்த கையோடு நாலு தாள் அச்செடுத்துப் பாருங்கள், அப்போதே தெரிந்துவிடும். மீதியை அதே உறையில் மடித்து மூடி வையுங்கள்.

இன்னொன்று, சில மாடல்களில் பின்பக்கக் கதவைத் திறந்தால் இரண்டு பக்கமும் சின்ன லீவர் இருக்கும், தபால் கவருக்கான லீவர் அது. கவர் அச்செடுக்கும்போது கசங்காமல் இருக்க அதை இறக்கி ஃப்யூசர் அழுத்தத்தைக் குறைப்பார்கள், அப்புறம் ஏற்ற மறந்துவிடுவார்கள். ஒரு அலுவலகத்தில் ஃப்யூசர் போய்விட்டது, புதிது போடவேண்டும் என்று கூப்பிட்டார்கள், போய்ப் பார்த்தால் ஒரு பக்க லீவர் மட்டும் இறங்கிக் கிடந்தது, விரலால் தூக்கிவிட்டேன், முடிந்தது. உங்கள் பிரிண்டரில் அப்படி இருக்கிறதா பாருங்கள், ஆனால் பிரிண்டரை அணைத்து நன்றாக ஆறவிட்டுக் கை வையுங்கள், உள்ளே சூடு பலமாக இருக்கும்.

செட்டிங் திரும்பிப் போவதற்குக் காரணம் நீங்கள் மாற்றுகிற இடம். வேர்டில் பிரிண்ட் கொடுக்கும்போது வரும் பெட்டியில் மாற்றினால் அந்த மென்பொருளை மூடும்வரைதான் நிற்கும். விண்டோஸ் செட்டிங்கில் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் போய், உங்கள் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து, பிரிண்டிங் பிரிஃபரன்சஸ் என்பதில் மாற்றுங்கள், அது நிரந்தரமாக நிற்கும். அதே கம்ப்யூட்டரை வேறு பயனர் பெயரில் பயன்படுத்துகிறவர்களுக்கும் சேர்த்து மாற்றவேண்டும் என்றால் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, பிரிண்டிங் டிஃபால்ட்ஸ் என்று போகவேண்டும். பிரிண்டரின் முன்பக்கத் திரையிலும் இதே செட்டிங் இருக்கும்தான், ஆனால் டிரைவர் ஒன்று சொல்லி முன்பக்கத் திரை வேறொன்று சொன்னால் பெரும்பாலும் டிரைவர் சொல்வதுதான் நடக்கும்.

திரும்பத் திரும்ப விழும் கரும்புள்ளிக்கு ஒரு ஸ்கேல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதுங்கள். உள்ளே சுழலும் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சுற்றளவு உண்டு, கோளாறு எந்த உருளையில் இருக்கிறதோ அதன் சுற்றளவுக்கு ஒருமுறை தாளில் அடையாளம் விழும்.

கடைசியாக ஒரு கேள்வி: நீங்கள் வைக்கும் தாள் எத்தனை ஜிஎஸ்எம்? உறையில் போட்டிருக்கும்.

பாடக்குறிப்பு எழுதியது:

உருளை சார், நீங்கள் கேட்ட கேள்வியிலேயே பாதி விடை இருந்தது. உறையைத் தேடி எடுத்துப் பார்த்தேன், 120 ஜிஎஸ்எம். முன்பு சாதாரணத் தாள்தான் வைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் அழித்து அழித்து எழுதும்போது தாள் கிழிந்துவிடுகிறது என்று இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் தடித்த தாளுக்கு மாறினேன். பிரச்சினை தொடங்கியதும் அப்போதுதான், நான் இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை.

பிரிஃபரன்சஸில் போய்ப் பார்த்தால் பேப்பர் டைப் ப்ளெயின் என்றே இருந்தது. திக் என்று மாற்றி, டென்சிட்டியை 3க்குக் கொண்டுவந்து ஒரு பக்கம் எடுத்தேன். பிரிண்டர் வழக்கத்தைவிட மெதுவாக ஓடியது, தாள் தொட்டால் நல்ல சூடாக வந்தது. ரப்பரை எடுத்து வேண்டுமென்றே அழுத்தி இருபது முறை தேய்த்தேன், எழுத்து அப்படியே இருக்கிறது! சுழியும் திறந்துகொண்டது, ண-வில் மூன்றையும் எண்ண முடிகிறது. லீவரையும் பார்த்தேன், சரியாகவே இருந்தது. டோனர் சேவும் டிக் ஆகித்தான் இருந்தது, எடுத்துவிட்டேன், முந்நூறுபக்கம், உங்களுக்கும் நன்றி.

ஆனால் புள்ளி முழுதாகச் சரியாகவில்லை. முன்னைக்கு நிறைய மேல், இருந்தாலும் பத்தில் ஒன்று இரண்டு இன்னும் பொடிப்பொடியாக உடைந்தே வருகிறது. புரியாத விஷயம் என்னவென்றால், அதே பக்கத்தில் தலைப்பு அருமையாக இருக்கிறது. கீழே பிள்ளைகள் மேலேயே எழுதிப் பழகுவதற்காகப் பெரிய எழுத்தை வெளிர் சாம்பலில் வைத்திருப்பேன், அதுவும் நன்றாகவே விழுகிறது. நடுவில் வரும் 11 பாயிண்ட் வரிகள்தான் பிசிறடிக்கின்றன. எழுத்துரு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். கரும்புள்ளியை நாளைக்கு அளந்து எழுதுகிறேன்.

வரிவடிவம் எழுதியது:

டீச்சர், அந்த 11 பாயிண்ட் எழுத்து உண்மையிலேயே கருப்பா? எழுத்தைத் தேர்ந்தெடுத்து ஃபாண்ட் கலர் என்ன என்று பாருங்கள். நான் பக்க வடிவமைப்பு வேலை செய்கிறவன், நீங்கள் சொல்கிற அடையாளத்தை வைத்துச் சொல்கிறேன், அது அடர்சாம்பலாகத்தான் இருக்கும். இப்போது வருகிற டெம்ப்ளேட் (முன்பே வடிவமைத்த மாதிரிக் கோப்பு) நிறைய, கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று உடல் எழுத்தைக் கருஞ்சாம்பலில் வைத்துத்தான் வருகிறது. திரையில் பார்த்தால் கருப்புக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது.

பிரிண்டருக்கு அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் பிரிண்டரில் இருப்பது கருப்புப் பொடி ஒன்றுதான், சாம்பல் நிறப் பொடி கிடையாது. சாம்பல் வேண்டும் என்றால் கரும்புள்ளிகளை இடைவெளி விட்டு வலைமாதிரி அடுக்கி, தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணைச் சாம்பல் என்று நம்பவைக்கவேண்டும், ஹாஃப்டோன் என்பது அதுதான். 600 டிபிஐ-யில் ஒரு துளி 0.042 மில்லிமீட்டர், 25.4-ஐ 600-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். தூய கருப்பு எழுத்து என்றால் இந்த அளவு நுணுக்கத்தில் ஓரத்தைச் செதுக்கமுடியும். ஆனால் சாம்பல் என்றதும் அந்தத் துளிகளைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்து ஒரு கட்டம் ஆக்கித்தான் வேலை செய்யும். அங்குலத்துக்கு 100 வரி வலை என்று வைத்துக்கொண்டால் ஒரு கட்டம் கால் மில்லிமீட்டர். 11 பாயிண்ட் எழுத்தில் மெய்ப்புள்ளியின் அகலம் என்ன? அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதாவது ஒரு புள்ளிக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு கட்டம். கட்டத்தின் வெள்ளைப் பகுதி சரியாகப் புள்ளியின் மேல் வந்து உட்கார்ந்தால் புள்ளியில் பாதி போச்சு, கரும்பகுதி உட்கார்ந்தால் தப்பித்தது. ஒரே பக்கத்தில் ஒரு புள்ளி வந்து இன்னொன்று வராமல் போவது இதனால்தான், அது வலையோடு எங்கே பொருந்துகிறது என்பதைப் பொறுத்தது.

பெரிய எழுத்தில் சாம்பல் நன்றாக வருவதற்கும் இதே கணக்குத்தான். 40 பாயிண்டில் புள்ளியே ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வரும், கட்டங்கள் நிறையப் பிடிக்கும், இரண்டு விட்டுப்போனாலும் கண்ணுக்குத் தெரியாது. முடிந்தால் ஒரு லென்ஸ் எடுத்து இரண்டையும் பாருங்கள். தலைப்பில் புள்ளி கடுகு மாதிரி ஒரே உருண்டையாக இருக்கும், நடுவரியில் இருப்பது நாலைந்து பொடியாகச் சிதறிக்கிடக்கும்.

நடுவரிகளுக்கெல்லாம் நிறத்தைத் தூய கருப்பாக மாற்றுங்கள். ஆட்டோமேட்டிக் என்று வைத்தாலும் கருப்பாகவே போகும். பழைய கோப்புகள் நிறைய இருந்து ஒவ்வொன்றாக மாற்றமுடியாது என்றால் சில டிரைவரில் பிரிண்ட் ஆல் டெக்ஸ்ட் ஆஸ் பிளாக் என்று ஒரு டிக் இருக்கும், எழுத்து எந்த நிறத்தில் இருந்தாலும் கருப்பாக்கிவிடும். ஆனால் உங்களுக்கு ஒரு சிக்கல், பிள்ளைகள் மேலே எழுதிப் பழகும் சாம்பல் எழுத்தும் சேர்ந்து கருப்பாகிவிடும். அதனால் அந்த டிக்கை வழக்கமாக வைக்கவேண்டாம், சாம்பல் எழுத்து இல்லாத பழைய கோப்புகளுக்கு மட்டும் போடுங்கள். என்னைக் கேட்டால் எழுதிப் பழகும் எழுத்தைச் சாம்பலில் வைப்பதைவிட உள்ளே வெற்றாக, மெல்லிய கருங்கோட்டில் வெளிவடிவம் மட்டும் வைத்துப்பாருங்கள். கோடு தூய கருப்பு என்பதால் ஓரம் கத்திமாதிரி விழும், பிள்ளை எழுதிய பென்சில் கோடும் உள்ளே தனியாகத் தெரியும்.

பிடிஎஃப் ஆக்கி அச்செடுக்கிறீர்களா? அப்படியானால் பிரிண்ட் ஆஸ் இமேஜ் டிக் ஆகியிருக்கக்கூடாது. அது எழுத்தைப் படமாக்கி அனுப்பும், குறைந்த டிபிஐ-யில் இருந்தால் ஓரம் எல்லாம் சாம்பலாகி மறுபடி இதே வலைக்குள் மாட்டும். தமிழ் எழுத்து உடைந்து வரும்போது அதை ஒரு வைத்தியமாகச் சிலர் போட்டுவைத்திருப்பார்கள், அப்புறம் எடுக்க மறந்துவிடுவார்கள். பக்கத்தைச் சுருக்கும் ஃபிட் என்பதையும் எடுத்துவிட்டு ஆக்சுவல் சைஸ் வையுங்கள், தாள் அளவு ஏ4 தானா லெட்டரா என்பதையும் ஒருமுறை பாருங்கள், லெட்டர் ஏ4-ஐவிட 6 மில்லிமீட்டர் அகலம், 18 மில்லிமீட்டர் குட்டை, இரண்டும் குழம்பினால் எழுத்து சுருங்கிப் போகும், நாலுவரி நோட்டுக் கோட்டின் இடைவெளியும் மாறும்.

நுண்புள்ளி எழுதியது:

நல்ல விளக்கம். ஆனால் 1200 டிபிஐ வைத்தால் இந்தத் தொல்லையே இருக்காதே? நான் எப்போதும் 1200-லேயே வைத்திருக்கிறேன், இருப்பதில் உயர்ந்ததை வைத்துவிட்டால் கவலை இல்லை என்பது என் கருத்து.

உருளை எழுதியது:

நுண்புள்ளி, படமும் சாம்பலும் இருக்கும் பக்கத்துக்கு நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், துளி சிறிதானால் வலையையும் நெருக்கமாகப் பின்னலாம், நிழல் வழவழப்பாக வரும். கருப்பு எழுத்துக்கு 600-க்கும் 1200-க்கும் கையில் பிடித்து வாசிக்கும் தூரத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். டோனர் பொடி உருகும்போது எப்படியும் ஓரத்தில் கொஞ்சம் பரவும், சொரசொரப்பான தாளில் இன்னும் பரவும், செட்டிங்கில் இருக்கும் நுணுக்கம் முழுவதும் தாளுக்கு வந்து சேராது. அதோடு சில மாடல்களில் 1200 என்று போட்டிருப்பது நேரடியான 1200 கிடையாது, 600-ஐ வைத்துக்கொண்டு துளியின் அளவைக் கூட்டிக்குறைத்து அதற்கு இணையாகக் காட்டுவது. 4 மடங்கு துளி என்பதால் நினைவகமும் அதிகம் வேண்டும், சில பிரிண்டர் பக்கத்தைப் பாதியில் விட்டுவிடும் அல்லது தானாகவே குறைத்துக்கொள்ளும்.

300 டிபிஐ மட்டும் வேண்டாம். 1984-இல் வந்த முதல் ஹெச்பி லேசர்ஜெட் 300 டிபிஐ தான், அன்றைக்கு அது பெரிய விஷயம். ஆனால் 300-இல் ஒரு துளி 0.085 மில்லிமீட்டர், சின்ன எழுத்தில் ஞ-வின் உட்சுழிக்கு அது போதாது. டீச்சருக்கு 600 போதும், தாளையும் நிறத்தையும் சரியாக வைத்தால் அதிலேயே புத்தகம் மாதிரி வரும்.

பாடக்குறிப்பு எழுதியது:

வரிவடிவம் சார், கருஞ்சாம்பலேதான்! தலைப்பை நான் டைப் செய்தேன், அது கருப்பு. நடுப்பகுதி முழுக்க இறக்கிய டெம்ப்ளேட்டிலிருந்து வந்தது. நிறத்தை மாற்றி எடுத்தேன், 600-லேயே. இரண்டு பக்கம் முழுக்க மெய்யெழுத்தாகவே டைப் செய்து, பேனாவை வைத்து ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுத் தொட்டு எண்ணினேன், ஒன்றுகூட விடவில்லை. பழைய தாளையும் புதிய தாளையும் லென்ஸில் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே பழையதில் புள்ளி நாலு துண்டாகக் கிடக்கிறது. வெளிவடிவ எழுத்தையும் செய்து பார்க்கப்போகிறேன், எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்திருக்கிறது.

கரும்புள்ளியை அளந்தேன். ஸ்கேலைத் தாளின் நீளவாக்கில் வைத்தால் எல்லா இடைவெளியும் ஒன்றுபோல 75 மில்லிமீட்டர், ஒரு பக்கத்தில் மூன்று சில சமயம் நாலு வருகிறது. உருளை சார், இது எது?

உருளை எழுதியது:

75 என்றால் பெரும்பாலும் டிரம். சின்ன பிரிண்டர்களில் நிறைய மாடலில் டிரம்மின் விட்டம் 24 மில்லிமீட்டர், சுற்றளவு 75 வரும். 30 மில்லிமீட்டர் டிரம் என்றால் 94 வந்திருக்கும். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் எந்த உருளைக்கு எத்தனை என்று அட்டவணை இருக்கும், ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் கார்ட்ரிட்ஜை எடுத்து மூடியை லேசாகத் திறந்து டிரம்மைப் பாருங்கள், சில நிமிடத்துக்கு மேல் வெளிச்சத்தில் வைக்காதீர்கள், விரல் படவே கூடாது. இடது ஓரத்துக்கு நேராக ஏதாவது ஒட்டியிருக்கிறதா, கீறலா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். அண்மையில் ஒட்டுத்தாள் ஏதாவது அச்செடுத்தீர்களா?

பாடக்குறிப்பு எழுதியது:

எடுத்தேன். பிள்ளைகளின் நோட்டில் ஒட்டப் பெயர்ச்சீட்டு எடுத்தேன். ஒரு தாளில் நாலைந்து சீட்டை ஏற்கெனவே உரித்திருந்தேன், மீதியை வீணாக்கவேண்டாம் என்று அதையே மறுபடி உள்ளே விட்டேன். இப்போது டிரம்மைப் பார்த்தால் ஓரத்தில் கடுகில் பாதி அளவுக்கு ஏதோ பளபளவென்று ஒட்டியிருக்கிறது.

உருளை எழுதியது:

அது ஒட்டுத்தாளின் பசைதான். சீட்டு உரித்த தாளை மறுபடி விடவே கூடாது, உரித்த ஓரத்தில் இருக்கும் பசை டிரம்மிலும் ஃப்யூசரிலும் ஒட்டும், சில சமயம் ஒரு சீட்டே உள்ளே கழன்று சுற்றிக்கொள்ளும். சுரண்டாதீர்கள், ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், டிரம்மின் மேல்பூச்சு போய்விட்டால் ஒரு புள்ளிக்குப் பதில் பட்டையாக விழும். உங்களுடையது டோனரும் டிரம்மும் ஒன்றாக இருக்கும் கார்ட்ரிட்ஜ் என்றால் அடுத்த கார்ட்ரிட்ஜ் போடும்போது தானாகவே போய்விடும், அதுவரை இடது ஓரத்தில் மார்ஜினைக் கொஞ்சம் கூட்டி ஓட்டுங்கள், எழுத்தின் மேல் படாது. ஆனால் இந்த கார்ட்ரிட்ஜை மட்டும் ரீஃபில் செய்யவேண்டாம், பொடி புதிதானாலும் டிரம் பழையதுதான், பசையும் அங்கேயே இருக்கும்.

டிரம் தனியாக இருக்கும் மாடல் என்றால் மாடல் எண்ணைப் போடுங்கள், எப்படிக் கழற்றுவது என்று எழுதுகிறேன். ஃப்யூசரில் பசை ஏறியிருக்கிறதா என்று பார்க்க, மெனுவில் கிளீனிங் பேஜ் இருந்தால் சாதாரணத் தாள் வைத்து இரண்டு முறை ஓட்டுங்கள், பேப்பர் டைப்பை அப்போது ப்ளெயினுக்கு மாற்ற மறந்துவிடாதீர்கள்.